உல்லம் ஏறாத ஏணி

முன்பெல்லாம் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் பஸ் அணைக்கரைப் பாலத்தில் ஊர்ந்துதான் போகும். எதிரே வருகிற வண்டி கடக்கும்வரை நிற்கவும் வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்துச் சன்னல் வழியே மீன் வறுக்கிற வாசம் உள்ளே ஏறும். தூங்கி விழுந்துகொண்டிருந்தவன்கூட ஊர் எது என்று கேட்காமலே விழித்துக்கொள்வான். எங்கள் ஊர் அந்த வாசத்திலிருந்து இரண்டு மைல், கொள்ளிடத்துத் தென்கரை. நாங்கள் செம்படவர்கள். தாத்தாவுக்கு ஆறுதான் சோறு போட்டது. அப்பாவுக்குப் பாதி ஆறு, பாதி கூலி. நான் விலங்கியல் படித்துவிட்டு முப்பத்துச் சொச்சம் வருஷம் பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டினேன்.

போன மாசம் அணைக்கரைக்கு மீன் வாங்கப் போனேன். கடைப் பையன் என்னிடம் படித்தவன். "சார், அசல் நாட்டு மீன் வந்திருக்கு. ஆத்து மீனு, குளத்துது இல்ல" என்று கையைக் காட்டினான். அவன் காட்டியது ஜிலேபி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜிலேபி ஆப்பிரிக்காவில் பிறந்த மீன். இந்தியாவுக்குள் அது வந்தது 1952-இல். நான் பிறந்ததும் அதே வருஷம். குளத்தில் விட்டார்கள், ஏரியில் விட்டார்கள், வாய்க்கால் வழியாக அது தானே ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. முட்டையை வாயில் வைத்து அடைகாக்கிற மீன் என்பதால் தண்ணீர் வற்றினாலும் பெருகினாலும் அதன் வம்சம் அறுவதில்லை. பையன் பிறந்தபோது ஆற்றில் அது நிறைந்திருந்தது. அவன் வரைக்கும் அது நாட்டு மீன்தானே? அவனைத் திருத்தலாம் என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். சின்ன வயதில் நானும் இதே தப்பைச் செய்து தாத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயசு இருக்கும். வெள்ளம் வடிந்த ஒரு ஐப்பசியில் அப்பா ஒரு பெரிய தோப்பா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய தலை, மேல்நோக்கிய வாய், உள்ளங்கை அகலச் செதில். இன்றைக்கு எல்லோரும் கட்லா என்கிறார்களே, அதுதான். "நம்ம ஆத்து மீனுங்கள்ல இதுதான் ராஜா" என்று நான் குதித்தேன். திண்ணையில் வலை கொக்கிக்கொண்டிருந்த தாத்தா தலை நிமிராமல், "நம்ம ஆத்து மீனாம். அது கோதாவரிக்காரன்டா. மேட்டூர்ல கொண்டாந்து வுட்டானுவ, அங்கேருந்து வுளுந்து வந்திருக்கான்" என்றார். அவருக்கு அந்த மீனே பிடிக்காது. சாப்பிடுவார், ஆனால் தலையை மட்டும் தள்ளிவைத்துவிடுவார்.

தாத்தாவுக்கு மீன் என்றால் உல்லம்.

உல்லம் கடலில் வாழ்கிற மீன். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன். ஆனி கடைசியில் குடகில் மழை பிடித்து, செந்தண்ணி கடலில் போய் விழும்போது அதற்கு அந்த ருசி தெரிந்துவிடும். கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தில் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, முட்டை போட்டுவிட்டுத் திரும்பும். ஏறும்போது உடம்பெல்லாம் நெய். இறங்கும்போது சக்கை. அதனால் எங்கள் வீட்டில் "எறங்கு உல்லம்" என்றாலே திட்டு, ஒன்றுக்கும் உதவாத ஆளைச் சொல்வது. மீனைப் பார்க்காத என் பிள்ளைகள்கூட அந்தத் திட்டை வாங்கியிருக்கிறார்கள்.

நான் முழு உல்லம் பார்த்தது மொத்தம் நாலைந்து தடவை இருக்கலாம். அதில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அப்பாயி அதை முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளி என்றால் வெள்ளி, முதுகில் மட்டும் லேசான ஊதா. வயிற்று ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள், ரம்பம்போல் அறுத்தது. செதிலை அவள் கத்தியால் சுரண்டவில்லை. கட்டைவிரல் நகத்தால் வாலிலிருந்து தலைக்குத் தள்ளினாள், கட்டியாகக் கழன்று வந்தது. சினையைத் தனியாக எடுத்து மஞ்சள் தடவி வைத்தாள். குழம்பு வைத்த அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மண்சட்டியோடு உறியில் தொங்கவிட்டு மறுநாள் பழைய சோற்றுக்குத்தான். முள் கவடுகவடாகப் பிரிந்து சதைக்குள் கிடக்கும். தாத்தா ஒரு கவளத்தை வாயில் போட்டு, பேச்சை நிறுத்தாமலே, முள்ளை மட்டும் கடைவாய் வழியே வெளியே தள்ளுவார். அந்த வித்தை எங்கள் தலைமுறையில் யாருக்கும் வரவில்லை. கற்றுக்கொள்ள மீன் இருக்க வேண்டுமே.

இந்த உல்லம் தாத்தாவின் தாத்தா காலத்தில் திருச்சி வரைக்கும் போகுமாம். வீட்டுக் கதை. அதை நம்பாமல் நான் கல்லூரி நூலகத்தில் தேடப் போய்த்தான் இந்த ஆற்று மீன்களின் சரித்திரத்தில் விழுந்தேன்.

காவிரி வட்டாரத்து மீன்களை முதலில் அச்சேற்றியவர்களில் ஒருவர் காவிரியைப் பார்த்ததே இல்லை. பெர்லினில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பிளாக் என்பவர் அவர். 1790-களில் தரங்கம்பாடியில் ஜான் என்றொரு பாதிரியார் இருந்தார். அவர் மீன்களைப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பிவைப்பார். பிளாக் அங்கே படம் எழுதிப் பெயர் வைப்பார். பாதிரியாருக்கு நன்றியாகக் கத்தாழை வகை மீன் ஒன்றுக்கு ஜானியஸ் என்றே பேர் வைத்துவிட்டார். நம் வெண்கெண்டைக்கு 1795-இல் பேர் வைத்தவரும் அவர்தான். வாளைக்கு இலத்தீனில் வல்லாகோ அட்டு என்று பேர். அதைப் படிக்கும்போதெல்லாம் அப்பாயி "ஆத்துவாள" என்று சொல்வதுதான் எனக்குக் காதில் விழும். பிறகு ஜெர்டன் என்ற ராணுவ வைத்தியர் 1849-இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். எங்கள் கருமுழிக்கெண்டைக்குப் பேர் கொடுத்தவர் அவர். மூக்கின் மேல் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து, பன்றி மூஞ்சிபோல் இருக்கும் கெண்டை அது. ஓடுகிற தண்ணீரில் பாறையைச் சுரண்டித் தின்கிற மீன்.

ஆனால் ஜெர்டன் எழுத வருவதற்கு முன்பே ஆற்றின் குறுக்கே சுவர் வந்துவிட்டது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், அதற்கு எழுபது மைல் கீழே எங்கள் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். காவிரித் தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்தில் வடிந்து தஞ்சாவூர்ச் சீமை காய்ந்துகொண்டிருந்த காலம் அது. அணை வந்தது, பாசனம் நிமிர்ந்தது. காட்டனைக் கும்பிடாத மிராசுதார் கிடையாது. நான் சொல்ல வருவது அதன் மறுபக்கம். கீழணையின் கீழே ஏறிவந்த உல்லம் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அள்ளுவது சுலபமாகிவிட்டது. எங்கள் முன்னோர் அணையடியில் வந்து குடியேறியதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆற்றின் கேட்டில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

என்னை ஆச்சரியப்படுத்திய சங்கதி ஒன்று. இந்த அணைகளால் மீன்வளம் கெடுமே என்று 1860-களின் கடைசியில் லண்டன் வரை கேள்வி எழுப்பியவர் வேறு யாருமில்லை, அதே காட்டன்தான். கட்டிய கைக்கே உறுத்தியிருக்கிறது. அதன்பேரில்தான் பிரான்சிஸ் டே என்ற மருத்துவரை மதராஸ் ஆறுகளைப் பார்த்துவரச் சொன்னார்கள். டே பார்த்தார், 1873-இல் அறிக்கை போட்டார். மீன் ஏறிப்போக வழி விடுங்கள், குஞ்சு மீனைச் சின்னக் கண்ணி வலையில் அரிப்பதை நிறுத்துங்கள் என்பது அவர் கட்சி. அரசாங்கம் படித்துவிட்டுக் கட்டிவைத்தது. முதல் மீன்வளச் சட்டம் வரவே 1897 ஆனது.

1907-இல் மதராஸில் பிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். வில்சன் என்ற நிபுணர் கொள்ளிடக் கரையில் வந்து உட்கார்ந்தார். பிடிபட்ட உல்லத்தின் வயிற்றைப் பிதுக்கி முட்டையையும் விந்தையும் தட்டில் கலந்து, 1909-இல் குஞ்சு பொரிக்கவைக்கப் பார்த்தார். கீழணையில் மீன் ஏறுவதற்குப் படிப்படியாக ஒரு ஏணியும் அமைத்தார்கள். வெள்ளைக்காரன் ஊரில் சால்மன் என்ற மீன் அப்படித்தான் தாவித் தாவி ஏறுமாம். உல்லம் ஏறவில்லை. அதற்கு நீந்தத் தெரியும், எவ்வளவு வேகமான ஓட்டத்தையும் எதிர்க்கத் தெரியும், தாவத் தெரியாது. ஒரு செம்படவக் கிழவனைக் கேட்டிருந்தால் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பான். தாத்தா அந்த ஏணியைப் பற்றிச் சொல்லும்போது, "மீனுக்குப் படி கட்டினானுவ, தவக்கா ஏறிச்சு" என்பார்.

அப்போதும் உல்லம் அடியோடு போய்விடவில்லை. பெருவெள்ளத்தில் அணை முழுகிப் போகும்போது மேலே ஏறிவிடும். ரக்தாட்சி வருஷத்து வெள்ளத்தில், அதாவது 1924-இல், கரை உடைத்துக்கொண்டு போன கொள்ளிடத்தில் தாத்தாவுக்கு வீடும் படகும் போயின. அதே வருஷந்தான் வாழ்நாளிலேயே அதிக உல்லம் பார்த்தேன் என்பார், வீடு போன துக்கம் கொஞ்சமும் இல்லாமல்.

அந்த வெள்ளத்தை அடக்கத்தான் மேட்டூர் அணை வந்தது என்று ஊரில் சொல்வார்கள். திட்டம் அதற்கும் பழையது. வேலை 1925-இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் முடிந்தது. நூற்று இருபது அடி நீர்மட்டம், 93 டி.எம்.சி. கொள்ளளவு. அது பிடித்து நிறுத்தியது தண்ணீரை மட்டும் இல்லை, காலத்தையுந்தான். ஆனியிலும் ஆடியிலும் பொங்கி வந்து கடல் வாயில் விழ வேண்டிய முதல் செந்தண்ணி அங்கேயே நின்றுபோனது. பாசனத்துக்கு அளந்து விடுகிற தண்ணீர் வண்டலை இழந்து தெளிந்து வந்தது, அதையும் வயல்கள் குடித்துத் தீர்த்தன. கடலில் காத்திருந்த உல்லத்துக்குச் சேதியே போகவில்லை. அப்போது மதராஸ் மீன்வளத் துறையில் பெரிய பொறுப்பிலிருந்த சுந்தர ராஜ், 1941-இல் மேட்டூர் கற்பித்த பாடம் என்று ஒரு கட்டுரையே எழுதினார். கீழே உல்லம் எப்படி அழிந்தது, மேலே அணைக்குள் என்ன ஆனது என்று சொல்கிற நேர்மையான கட்டுரை. அணை கட்டிய அதே அரசாங்கத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படி எழுதியவரை எனக்குப் பிடிக்கும்.

உல்லத்தோடு போனவை இன்னும் உண்டு. விலாங்கு கடலில் பிறந்து குஞ்சாக ஆற்றில் ஏறி வளர்கிற மீன். ஆற்று இறால் முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் குஞ்சு விட்டுவிட்டு மேலேறும். இரண்டுக்கும் சுவர்தான் முடிவு. விலாங்காவது ஈரக் கல்லைப் பிடித்து ஊர்ந்து தாண்டப் பார்க்கும். இறாலும் கொஞ்சம் முயலும்.

மேட்டூருக்கு நான் முதலில் போனது பதின்மூன்று வயதில். அத்தையை அங்கே ஒரு பரிசல்காரருக்குக் கொடுத்திருந்தது. கோடைக்காலம், தண்ணீர் இறங்கியிருந்தது. மாமா என்னைப் பரிசலில் வைத்துச் சுற்றிக்கொண்டே பண்ணவாடிப் பக்கம் கூட்டிப்போனார். முழுகிப்போன ஊர்களின் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தண்ணீருக்கு மேல் தலை நீட்டியிருந்தது, கொஞ்சம் தள்ளிக் கிறிஸ்தவக் கோயில் கோபுரம். நந்தியின் கொம்பில் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாயிருந்தது. மாமாவோ நந்தியைக் காட்டி, "அதோட காலடியிலதான் பெரிய வாளை படுத்திருக்கும்" என்றார்.

அவர் வலையில் நான் பார்த்தது எல்லாம் தோப்பா, வாளை, காக்காச் சேல். "ஆரம்பத்துல இங்க கல்லுக்கெண்டை வகைதான் மொத்த வலையும். இப்ப கண்ணுக்கே அகப்படல" என்றார். காரணம் பள்ளிக்கூடத்துப் பாடம்போலத் தெளிவு. ஓடுகிற தண்ணீரில், பாறைக்கும் சரளைக்கும் நடுவே முட்டையிட்டுப் பழகிய மீனுக்கு ஏரி ஒரு பாலைவனம். புதிதாக முழுகிய காட்டு மண்ணில் சத்து ஊறி, நுண்ணுயிர் பெருகி, மேல்தண்ணீர் கஞ்சிபோல் ஆகும். வாயைத் திறந்துகொண்டு அதை வடிகட்டித் தின்கிற தோப்பாவுக்கு அது கல்யாண விருந்து. கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டது வீண்போகவில்லை, அது அங்கேயே இனம் பெருக்கிக் குடியேறிவிட்டது. 1955-இல் பவானிசாகர் வந்தபோதும் கதை அப்படியே திரும்ப நடந்தது. முதலில் காவிரிக்கே உரிய பெரிய கெண்டைகள் கொத்துக் கொத்தாக வந்தன, பிறகு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தன. இவ்வளவுக்கும் மேட்டூர் அனுபவம் எழுத்திலேயே இருந்தது.

அதற்குள் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்பவர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியைக் கரைத்து ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்துவிட்டார். உலகத்துக்குப் பெரிய காரியம். மீன்குஞ்சு வேண்டுமென்றால் இனி ஆற்றங்கரையில் காத்திருக்க வேண்டாம், தொட்டியில் கோடிக்கணக்கில் பொரிக்கலாம். பொரித்தார்கள். கங்கைச் சமவெளியின் ரோகுவும் மிர்காலும் தமிழ்நாட்டுக் குளங்களிலெல்லாம் இறங்கின, வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் வந்தன. மிர்கால் பார்க்க நம் வெண்கெண்டை போலவே இருக்கும். எங்கள் சந்தையில் இப்போது மிர்காலைத்தான் வெண்கெண்டை என்று விற்கிறார்கள். பெர்லின் டாக்டர் பேர் வைத்த காவிரிக்காரன் அழிவின் விளிம்பில் நிற்கிறான். அவன் பேரைச் சொல்லி வந்தவன் வியாபாரம் ஆகிறான்.

மேலாற்றிலும் இப்படி ஒரு ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது. கபினியில் 1946-இல் மைசூர்க்காரர் வான் இங்கன் தூண்டிலில் 120 பவுண்டு மஷீர் பிடித்த கதை தூண்டில்காரர்களிடம் பிரசித்தம். அது முதுகில் திமில் உள்ள, ஆரஞ்சு துடுப்பு மஷீர், காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. 1970-களிலிருந்து காவிரியில், மஷீரைப் பெருக்குகிறோம் என்று, நல்ல எண்ணத்தோடு, மகாராஷ்டிரத்தில் பொரித்த நீலத்துடுப்பு மஷீர்க் குஞ்சுகளை விட்டார்கள். இன்று தூண்டிலில் சிக்குவது பெரும்பாலும் நீலத்துடுப்புதான். திமில் மஷீருக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்று 2018-இல்தான் முடிவானது. அதே வருஷம் அழிவின் கடைசிப் படியில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர்சூட்டு விழாவும் கருமாதியும் ஒரே பந்தலில்.

கீழே, எங்கள் பக்கம், பெரிய அடி மணலில் விழுந்தது. மேட்டூர் வண்டலை நிறுத்தியபிறகு ஆற்றுக்குப் புது மணல் வரத்து குறைந்தது. இருந்ததை லாரி லாரியாக அள்ளினார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோடையில் கொள்ளிடத்தில் கையால் தோண்டினால் ஊற்று வரும், அந்த ஊற்றுக் குட்டையில் ஆரல் மூக்கை மட்டும் நீட்டிப் புதைந்து கிடக்கும். இப்போது அங்கே ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் குழி. குழியில் தேங்கின தண்ணீரில் ஜிலேபியும், தடை இருந்தும் எப்படியோ வந்துவிடுகிற ஆப்பிரிக்கக் கெளுத்தியும், நல்ல நேரமில்லாவிட்டால் முதலையும். மேலே காவிரியில் வந்து கலக்கிற நொய்யலின் சாயத் தண்ணீரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போன விஷயம் அது. அழுக்குத் தண்ணீரில் செத்தவை நம் கெண்டைகள். தாக்குப்பிடித்தது ஜிலேபி.

வலையும் மாறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தாத்தாவின் வீச்சுவலை பருத்தி நூல். காவிப் பட்டைச் சாற்றில் தோய்த்து, இரண்டு நாளைக்கு ஒருதரம் காயப்போட வேண்டும். காய்கிற நாளில் ஆற்றுக்கு லீவு. பிறகு வந்த நைலான் தங்கூசி வலைக்கு லீவு கிடையாது. இரவு கட்டிவிட்டு வந்தால் விடியும்வரை அதுவாகவே வேலை செய்யும். அப்பா அதை முதலில் வாங்கிவந்த அன்று தாத்தா கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கே தெரியலயேடா" என்றார். பாராட்டினாரா பயந்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. காட்டன் காலத்துச் சுவர். டி.வி.யில் அந்தப் பொத்தலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாடே விவசாயத்தை நினைத்துக் கவலைப்பட்டது, நானும்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மறுநாள் விடியற்காலை எழுந்து அணைக்கரைக்குப் போனேன். கீழணை தாண்டி வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு உல்லமாவது வருமா என்று பார்க்கத்தான். வலைக்காரர்களிடம் கேட்டேன். ஒரு இளவட்டம், "அப்படின்னா என்ன மீனு சார்?" என்றான். கையால் அளவு காட்டினேன், வயிற்று ரம்பத்தைச் சொன்னேன். "கடல் மீனு ஆத்துல எப்புடி சார் வரும்?" என்று சிரித்தான். மேட்டூர் நிரம்பி வழிந்ததில் தோப்பா மட்டும் எக்கச்சக்கமாக இறங்கியிருந்தது.

ஜிலேபியை நாட்டு மீன் என்ற பையனிடம் போன மாசம் நான் அதை வாங்கவில்லை. அவன் கடையில் மூன்று கூறு இருந்தது. கட்லா ஒரு கூறு, ஜிலேபி ஒரு கூறு. மூன்றாவது ஒரு நீல பிளாஸ்டிக் தட்டில், பேர் இல்லாமல், 'பொடி' என்று. விலை அதற்குத்தான் குறைவு. அரைக் கிலோ பொடி போடச் சொன்னேன். "கழுவ முடியாது சார், அம்மா திட்டுவாங்க" என்று எச்சரித்துக்கொண்டே போட்டான்.

வீட்டுக் கொல்லையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, தாம்பாளத்தில் கொட்டிப் பிரித்தேன். ஆரல் மூன்று. உளுவை ஒன்று, வயிற்றில் சினையோடு. கெளுத்தி, முள்ளை ஒடித்திருந்தார்கள். குறவை. பனையேறிக் கெண்டை, இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிச்சி ஒரு கைப்பிடி. அப்புறம் விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு, கருமுழியாக இருக்குமோ என்று மூக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். புள்ளி இருக்கிறது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. உள்ளே போய் லென்ஸை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மருமகள் எல்லாவற்றையும் சட்டியில் அள்ளிப் போட்டு, கல்லுப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.